கிழவரா, சங்கா?

சென்னையில் மீனவர்கள் வாழும் காசிமேட்டில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். பாடப்புத்தகம் தாண்டி வருஷத்துக்கு ஒரு நாவலாவது முழுசாகப் படிக்க வைக்கப் பார்ப்பேன். போட்டி எப்போதும் இரண்டுக்குள்தான்: ஹெமிங்வேயின் ‘தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ’ (1952), கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ (1954).

மொழியை மட்டும் பார்த்தால் கிழவர்தான் ஜெயிப்பார். சின்னச் சின்ன வாக்கியம், புத்தகமும் ஒல்லி. 84 நாளாக மீனே படவில்லை என்ற தொடக்கத்துக்கு இங்கே விளக்கம் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை வருஷா வருஷம் வீட்டிலேயே பார்க்கிற பிள்ளைகள். ஆனால் தீம் என்ன என்று கேட்டால், ‘விடாமுயற்சி’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள்.

தனியாகக் கடலுக்குப் போன கிழவர் பிடித்த பெரிய மீனைச் சுறாக்கள் தின்றுவிடும். அந்த இடத்தில் போன வருஷம் ஒரு பையன் மடக்கினான். அப்பா ஃபைபர் போட்டில் போகிறவர். “சார், தனியா அவ்ளோ தூரம் போனதே தப்பு. கூட ஆள் இருந்தா சுறாவை விரட்டியிருக்கலாம்ல?” புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். கதையில் வரும் சிறுவன் கூட இருந்திருக்கலாமே என்று கிழவர் சாந்தியாகோ ஏங்கும் இடங்களுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தான். ரொம்ப தூரம் வந்துவிட்டேன் என்று கிழவரே ஒப்புக்கொள்ளும் இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தீம் பற்றி அப்புறம் நான் பேசவே இல்லை.

கோல்டிங்கின் ஆங்கிலம் கரடுமுரடு. ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட பையன்களின் கதை என்பதால் தீம் மட்டும் டக்கென்று பிடிபடும். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம் என்ற விதியை டஸ்டர் வைத்து ஆடிப் பார்த்தோம். பத்து நிமிஷத்தில் பிடுங்கல். அப்புறம் டஸ்டர் ஜன்னலுக்கு வெளியே. கதையில் சங்கு என்றால் ஒழுங்கு. நம் தெருவில் அது சாவு வீட்டில் ஊதுவது. அந்தப் பையன்களில் ஒருவனான பிக்கி சாகும்போதே சங்கும் நொறுங்குகிறது என்றதும், “அவனுக்கு ஊதிட்டாங்க சார்” என்றாள் ஒருத்தி. சிரிப்பு கிளம்பி, பாதியில் அடங்கிப்போனது. எந்த கைடிலும் இது இருக்காது.

ஆக, பிளஸ் ஒன்னுக்குக் கிழவர். கோல்டிங் பிளஸ் டூவுக்கு. பொதுத்தேர்வு வருஷத்தில் நேரம் எங்கே என்பது வேறு கதை. கோடு போட்ட அந்தப் பையனிடம் கோல்டிங்கையும் கொடுத்தேன். மூன்றாம் அத்தியாயத்தோடு திருப்பிக் கொடுத்தான்: “கடல் ஓரமாத்தான் இருக்கானுங்க, ஒருத்தனுக்கும் மீன் பிடிக்கத் தோணல சார்.”