என் எடிட்டிங் கணினிக்குள் ஒரு சீரியல் செட்

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் செய்தான். "அண்ணே, கல்யாண வீடியோ எடிட் செய்ய உங்களிடம் இருப்பது போலவே ஒன்று அசெம்பிள் செய்துகொள்ளட்டுமா?" நல்ல கேள்விதான், கேட்ட நேரம்தான் சரியில்லை. கணினியின் கண்ணாடிப் பக்கத்தில் மூன்றாவது முறையாகக் கறுப்பு சார்ட் பேப்பரை ஒட்டிக்கொண்டிருந்தேன். வாயில் டேப், கையில் கத்தரிக்கோல். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இதுதான் அந்தப் பிறகு.

2022 ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் வாங்கியது. இன்டெல் ஐ7 12700 பிராசஸர், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம். மற்றதெல்லாம் எல்லோரும் போடுவதுதான். மூன்றரை வருடத்தில் யுபிஎஸ் பேட்டரியை ஒரு முறை மாற்றினேன், தூசி தட்டினேன், அவ்வளவுதான். ரெண்டர் (எடிட் முடித்ததை முழு வீடியோவாக்குவது) பாதியில் நின்றதாக நினைவே இல்லை.

இதில் என்னை மயக்கிய விஷயம் ஒன்று உண்டு. கடையில் 12700எஃப் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். எஃப் என்றால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இருக்காது, விலையும் கொஞ்சம் குறையும். தனியாக கார்டு வாங்குகிறவருக்கு அது எதற்கு என்பது கடைக்காரரின் கட்சி. கார்டு பழுதானாலும் திரையில் ஏதாவது தெரியட்டும் என்ற பயத்தில்தான் நான் எஃப் வேண்டாம் என்றேன். அதற்கு மேல் எனக்கு அப்போது எதுவும் தெரியாது.

எங்கள் கேமராமேன் எச்.265 என்ற வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறையில், நிற விவரம் அதிகம் தங்கும் 4:2:2 10 பிட்டில் எடுக்கிறார். 4கே 50 பிரேம், நொடிக்கு 200 மெகாபிட். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. முதல் மாதம் இதை டைம்லைனில் போட்டு ஓட்டினால், கெட்டிமேளம் பாட்டுக்கு ஓடும், மாப்பிள்ளை கை தாலியோடு அந்தரத்தில் நிற்கும். புதுக் கணினி வாங்கியும் இரவெல்லாம் ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் லேசான நகல், போட்டுக்கொண்டிருந்தேன். காரணம் பிறகுதான் பிடிபட்டது. அந்த வகை எச்.265ஐப் பிரித்துக் காட்டும் வசதி 3060இல் கிடையாது. என்விடியாவின் 40 வரிசையிலும் கிடையாது. 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் 11ஆம் தலைமுறையிலிருந்தே இருக்கிறது. ஆனால் தனி கார்டு செருகியதும் என் மதர்போர்டு உள் கிராபிக்ஸைத் தூங்க வைத்துவிட்டிருந்தது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் அதை எழுப்பி, எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோவின் டீகோட் (வீடியோவைப் பிரிக்கும்) பகுதியில் இன்டெல்லுக்கு எதிரே ஒரு டிக் போட்டேன். கை கீழே இறங்கியது, மூன்று முடிச்சும் விழுந்தது. அன்றைக்கு ப்ராக்ஸி போடுவதை விட்டவன்தான்.

(கேமராவில் பழைய முறையான எச்.264இல் 4:2:2 10 பிட் வைத்து எடுத்தால் இந்த உள் கிராபிக்ஸும் கைவிரித்துவிடும். கேமராமேனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.)

இனி விளக்குக் கதை. லைட் இல்லாத ராம் இருப்பு இல்லை, அதே விலைக்கு லைட் வைத்தது தருகிறேன், பார்க்க அழகாக இருக்கும் என்றார்கள். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்றுவரை அனுபவிக்கிறேன். சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று கல்யாண மண்டப வாசலில் கட்டும் சீரியல் செட் போல இரண்டு ராமும் ஓடிக்கொண்டே இருக்கும். கலர் கரெக்‌ஷனுக்காக அறையை இருட்டாக்கினால் சுவரிலும் மானிட்டர் ஓரத்திலும் அதுதான் தெரியும். மணமகனின் வெள்ளை வேட்டி ஒரு சமயம் ரோஸாக இருக்கும், அடுத்த நிமிடம் நீலம் பூத்திருக்கும்.

சுவாமிமலைக் கல்யாணம் ஒன்றில் மணப்பெண்ணின் அம்மா குரல் பதிவு அனுப்பினார்: "நாங்கள் எடுத்தது மாம்பழக் கலர் பட்டு, நீங்கள் காட்டியிருப்பது எலுமிச்சை." கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் அதிகம் வலித்தது. பகலில் ஜன்னலைத் திறந்து பார்த்தால் எலுமிச்சைதான். முழுப் படத்தையும் மறுபடி கலர் செய்தேன்.

அணைக்க ஒரு மென்பொருள் கொடுத்திருக்கிறார்கள். அணைத்தால் அணையும். விண்டோஸ் அப்டேட் ஆனதும் மறந்துவிடும். மறுபடி நிறுவினால் அந்த மென்பொருளும் தன் பங்குக்கு ஒரு அப்டேட் கேட்கும். ஒரு விளக்கை அணைக்க இணைய இணைப்பு எதற்கு? நான்காவது தடவை அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். சார்ட் பேப்பர் தொல்லை தராது. கண்ணாடியின் சூட்டில் மூலை மட்டும் பிரிந்துகொள்ளும், அந்தக் கீற்று வழியே நள்ளிரவில் ஊதா எட்டிப் பார்க்கும்.

ராமையே மாற்றிவிடலாம் என்று இப்போது விசாரித்தேன். டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதில் 2025 கடைசியிலிருந்து ராம் விலை எங்கேயோ போய்விட்டது. எனக்கு விற்ற கடைக்காரரே, பழைய ராமைக் கொடுப்பதென்றால் தன்னிடம் கொடுக்கச் சொல்கிறார். பெட்டிக்குள் நான் வெறுக்கிற ஒரே பொருளுக்குத்தான் விலை ஏறியிருக்கிறது.

தம்பிக்குப் பதில்: இந்த ராம் விலையில் இப்போது வாங்காதே. நான் இவ்வளவு புகழ்ந்ததையும் மனதில் வைத்துக்கொண்டு, இருந்தாலும் வாங்காதே. உன்னிடம் இருப்பதை வைத்து வைகாசி முகூர்த்தங்கள் வரை ஓட்டு, பயாஸில் உள் கிராபிக்ஸ் விழித்திருக்கிறதா என்று மட்டும் இன்று இரவே பார். எஃப் பிராசஸராக இருந்தால் எனக்குப் போன் செய்யாதே, வருத்தமாக இருக்கும். என்னுடையதை விற்பீர்களா என்றும் கேட்காதே. கொடுக்க மாட்டேன்.