ஒரு எர்த் போல்ட்டும் 56,280 ரூபாயும்

கோவையில் கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாக வாரண்டி முடிந்த வண்டி வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டேஷ்போர்டில் திடீரென்று எல்லா விளக்கும் எரிகிறது, ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறீர்கள், ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு "மாட்யூல் போயிடுச்சு" என்கிறார்கள், அதாவது வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களில் ஒன்று. அந்த இடத்தில் நில்லுங்கள். மல்டிமீட்டர் வைத்து எங்கே, என்ன அளந்தீர்கள் என்று கேட்டு, அதற்குப் பதில் வரும்வரை எந்த எஸ்டிமேட்டுக்கும் சம்மதம் சொல்லாதீர்கள்.

என் வண்டி 2021 மாடல், பெட்ரோல். மேட்டுப்பாளையம் ரோட்டில் யு-டர்ன் எடுக்கும்போது ஸ்டீயரிங் சட்டென்று இறுகிப்போனது. அதே நொடியில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஏர்பேக், ஸ்டீயரிங், இன்ஜின் விளக்குகள் எல்லாம் சேர்ந்து எரிந்தன. ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி எழுந்தது. இன்ஜின் மட்டும் அணையவில்லை. ஓரங்கட்டி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் சரியாக இருந்தது. சில நாள் கழித்து அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது மறுபடி அதே கூத்து. மழை நேரம், ஏசி, வைப்பர், ஹெட்லைட் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன.

கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில்தான் விட்டேன். பெயர் எழுதவில்லை, புகார் நடப்பில் இருக்கிறது. முதலில் "எலி கடிச்சிருக்கும் மேடம்" என்றார் அட்வைசர். பானெட்டைத் திறந்து பார்த்தார், எலி வந்த சுவடே இல்லை. அடுத்து பேட்டரி. நாலு வருஷம் ஆகிவிட்டது, மாற்றிவிடலாம் என்றார். அந்த 6,800 ரூபாய் பற்றி எனக்குப் புகார் இல்லை. நம் ஊர் வெயிலில் நாலு வருஷம் உழைத்த பேட்டரியை மாற்றுவது நியாயம்தான். ஆனால் வண்டியை ஒப்படைக்கும் முன் ஸ்கேனரில் வந்த ஃபால்ட் கோடுகளை, அதாவது கோளாறுகளைக் குறிக்கும் எண்களை, எல்லாம் அழித்துவிட்டார்கள். ஒரு கோளாறு பதிவாகும்போது வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு என அந்த நேரத்து அளவுகளைச் சேர்த்து ஒரு படம் பிடித்த மாதிரி இன்ஜின் கம்ப்யூட்டர் சேமித்துவைக்கும். ஃபால்ட் கோடுகளை அழித்தால் அதுவும் போய்விடும். எப்போதாவது வந்து போகும் கோளாறுக்கு அதுதான் பெரிய தடயம்.

புது பேட்டரியோடும் கோளாறு வந்தது. இந்த முறை ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி, அதில் ஒரே ஒரு வரியை மட்டும் பேனாவால் வட்டமிட்டார்: யு0121. "ஏபிஎஸ் மாட்யூல் கம்யூனிகேஷன் இல்லைன்னு காட்டுது மேடம். மாத்தியாகணும். பிரேக் விஷயம், குழந்தைங்களோட போறீங்க, நீங்களே யோசிச்சுக்கோங்க." குழந்தைகளை இழுத்துவிட்டால் யார்தான் யோசிப்பார்கள்? மாட்யூல் 51,200, புரோகிராமிங்கும் பிரேக் பிளீடிங்கும் 3,900, ஸ்கேன் கட்டணம் 1,180. மொத்தம் 56,280 ரூபாய். அன்று அந்த ரிப்போர்ட்டின் பிரிண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்று என் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் காலத்து வண்டியில் இன்ஜின், பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், மீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர். அவை எல்லாம் கேன் பஸ் என்னும் முறுக்கிய இரண்டு ஒயர்கள் வழியாக ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். யு என்று தொடங்கும் கோடுகள் இந்தப் பேச்சு அறுந்ததைச் சொல்பவை. யு0121 என்றால், ஏபிஎஸ்ஸிடமிருந்து தனக்குச் செய்தி வரவில்லை என்று வேறொரு கம்ப்யூட்டர் பதிவு செய்திருக்கிறது. ஏபிஎஸ் செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. எதிர்வீட்டுக்காரர் போன் எடுக்கவில்லை என்றால் தெருவிலேயே கரண்ட் இல்லாமல் போன் சார்ஜ் தீர்ந்திருக்கலாம், நேராகப் பாடை கட்டவா போவோம்?

என் ரிப்போர்ட்டில் கரண்ட் இல்லாத கதையும் அச்சாகியே இருந்தது. வட்டம் போட்ட வரிக்கு இரண்டு வரி மேலே பி0562. வண்டியின் மின்னழுத்தம் குறைந்தது என்பது அதன் பொருள். ஸ்டீயரிங் கம்ப்யூட்டரிலும் வோல்டேஜ் குறைவு என்று ஒரு பதிவு. எல்லாவற்றையும் விட வேடிக்கை, "பேசவில்லை" என்று குற்றம் சாட்டப்பட்ட ஏபிஎஸ் மாட்யூலே அதே ரிப்போர்ட்டில் ஸ்கேனரோடு பேசி, தன்னிடமிருந்த ஃபால்ட் கோடைக் கொடுத்திருக்கிறது. அதுவும் வோல்டேஜ் குறைவு கோடுதான். செத்துப்போன மாட்யூல் எப்படி ஸ்கேனருக்குப் பதில் சொல்லும்? ரிப்போர்ட்டை மேலிருந்து கீழே ஒரு முறை படித்திருந்தால் அட்வைசருக்கு இது தெரிந்திருக்கும். படித்தும் வட்டம் போட்டார் என்றால் அது வேறு விஷயம்.

மாட்யூல் மாற்றினார்கள். பழையதைக் கேட்டேன். "அது எக்ஸ்சேஞ்ச்ல கம்பெனிக்குப் போயிடுச்சு மேடம்." பில்லில் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு வார்த்தை இல்லை, அதற்கான கழிவும் இல்லை. வண்டியை எடுத்த அதே வாரம் சாயிபாபா காலனி சிக்னலில் திரும்பும்போது மறுபடி எல்லா விளக்கும் எரிந்தன.

மூன்றாவது எஸ்டிமேட் வந்தது: மெயின் ஒயரிங் ஹார்னஸ், அதாவது வண்டியின் ஒயர்க் கட்டு, முழுவதும் மாற்ற 84,000 ரூபாய். "மாத்திப் பாக்கலாம் மேடம், அதுக்கும் சரியாகலைன்னா இசியு." இசியு என்றால் இன்ஜின் கம்ப்யூட்டர். மாத்திப் பாக்கலாமாம், என் காசில். வேண்டாம், வண்டியைக் கொடுங்கள் என்றேன். சொந்தப் பொறுப்பில் எடுத்துப் போவதாக எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். கையெழுத்துக்கு மேலேயே "ஏபிஎஸ் மாட்யூல் மாற்றிய பிறகும் அதே கோளாறு தொடர்கிறது" என்று எழுதி, போனில் படம் எடுத்துக்கொண்டேன். கேஷியருக்கு முகம் மாறிவிட்டது.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லி, கணபதி பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் வேலை பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. "எப்பங்க அம்மணி வருது? நேராப் போறப்பவா, வண்டியத் திருப்பறப்பவா?" சர்வீஸ் சென்டரில் இதை யாரும் கேட்கவில்லை. திருப்பும்போதுதான் என்றதும் தலையாட்டிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தார்.

பேட்டரியில் 12.6 வோல்ட். ஸ்டார்ட் செய்ததும் 14.1. இரண்டும் நல்ல அளவு. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இரண்டு தடித்த கேபிள்கள் போகின்றன, ஒன்று இன்ஜினுக்கு, ஒன்று பாடிக்கு. கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் இந்த வழியைத்தான் எர்த் என்கிறார்கள். இன்ஜின் பக்கம் சரியாக இருந்ததால் செல்ஃப் எப்போதும் ஒழுங்காக அடித்தது, அதனால் யாருக்கும் எர்த் மேல் சந்தேகம் வரவில்லை என்றார். அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பெயின்ட் இல்லாத பாடி இரும்பிலும் வைத்துக்கொண்டு, என்னை உள்ளே உட்காரச் சொல்லி, ஏசி, ஹெட்லைட், பின்கண்ணாடி டீஃபாகர் எல்லாவற்றையும் போட்டு ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பச் சொன்னார். நின்ற இடத்தில் திருப்பும்போது எலக்ட்ரிக் ஸ்டீயரிங் மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும். இரண்டு முனையும் எர்த்தான். அவற்றுக்கு நடுவே 0.1, மிஞ்சினால் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மீட்டர் 2.7 காட்டியது. விளக்குகள் எல்லாம் எரிய ஆரம்பித்தன. "பாத்தீங்களா, வந்துருச்சு" என்றார், பிடித்துவைத்த திருடனைக் காட்டுகிற சந்தோஷத்தோடு.

அதாவது பேட்டரியில் வோல்டேஜ் முழுதாக இருக்கிறது. ஆனால் கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழியில் 2.7 வோல்ட் விழுங்கப்படுவதால், மாட்யூல்களுக்குக் கிடைப்பது அந்த அளவுக்குக் குறைகிறது. லோடு கூடும் நொடியில் அவை ஒன்றன்பின் ஒன்றாக ரீசெட் ஆகின்றன, மற்றவை "அவன் பேசவில்லை" என்று கோடு எழுதிவைக்கின்றன.

ஹார்னஸையும் அவர் விட்டுவைக்கவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் சொருகும் 16 பின் கப்ளரில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே ஓம்ஸ் பார்த்தார். 60 வந்தது. கேன் ஒயரின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் சேர்ந்து 60 காட்டினால் பேச்சு ஒயர் அறுபடவில்லை. 120 காட்டினால் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும், பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். சில மாடல்களில் இந்தப் பின்களுக்கும் உள் ஒயருக்கும் நடுவே கேட்வே என்னும் இடைக் கம்ப்யூட்டர் இருக்கும், அங்கே இந்தக் கணக்கு ஒத்துவராது. என் வண்டியில் நேரடி இணைப்பு. இரண்டு நிமிஷ வேலை. அதற்குத்தான் 84,000 எஸ்டிமேட்.

பேட்டரி ட்ரேயைக் கழற்றி, பாடி எர்த் போல்ட்டைத் திறந்தார். கேபிள் முனையில் இருக்கும் செம்பு வளையத்துக்கு அடியில் பளபளவென்று வண்டிக் கலர் பெயின்ட். இரும்பைத் தொடவே இல்லை, போல்ட்டின் மரை வழியாக மட்டும் கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மரையும் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. "இந்தப் பக்கம் பெயின்ட் வேல ஏதாச்சும் பாத்தீங்களா அம்மணி?" பார்த்தோம். சில மாதம் முன்பு முன்பக்கம் இடிபட்டு, இன்சூரன்ஸ் கிளெய்மில் வேலை நடந்தது. செய்தது இதே சர்வீஸ் சென்டர்.

பெயின்டைச் சுரண்டி, வளையத்தைத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். அதே சோதனையில் இப்போது 0.04 வோல்ட். 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த விளக்குகள் எரியவே இல்லை. திறந்த போல்ட், பெயின்ட், முன்னும் பின்னும் மீட்டர் காட்டிய அளவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

சர்வீஸ் மேனேஜரிடம் இதைக் காட்டியபோது, வெளியாளை வைத்து ஒயரிங்கைத் தொட்டதால் இனி எதற்கும் தாங்கள் பொறுப்பில்லை என்றார். கொஞ்சம் குரலை உயர்த்தியதும் அடுத்த சர்வீஸுக்கு லேபரில் 10 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1915-க்கு அழைத்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே புகார் பதிந்து எண் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வரத் தொடங்கியது. புரோகிராமிங் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருகிறோம், மாட்யூல் விலையைத் தர முடியாது என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இணையத்திலேயே மனு கொடுக்கலாம்.

இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு: கோளாறு எந்த நேரத்தில், எந்த லோடில் வருகிறது என்று ஜாப் கார்டில் அவர்கள் கையாலேயே எழுதவையுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை முழுதாகப் பிரிண்ட் வாங்குங்கள், வட்டம் போட்ட பக்கம் மட்டும் போதாது. நீங்கள் அதைப் பார்க்கும் முன் கோடுகளை அழிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த மாட்யூலை மாற்றச் சொன்னாலும் அதன் கப்ளரில் லோடோடு வோல்டேஜும் எர்த்தும் பார்த்தாயிற்றா, எவ்வளவு வந்தது என்று எண்ணாகக் கேளுங்கள். பழைய பாகம் எனக்கு வேண்டும் என்பதை எஸ்டிமேட்டிலேயே எழுதவைத்துவிட்டால் எக்ஸ்சேஞ்ச் கதை வராது. இடித்து, பெயின்ட் அடித்து வந்த வண்டி என்றால் எதற்கும் முன்னால் எர்த் போல்ட்டுகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வைத்திருந்து புரியாதவர்கள் கமெண்டில் கோடு எண்களைப் போடுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். சர்வீஸ் சென்டர் பெயரை மட்டும் கேட்காதீர்கள், ஆணையத்தின் உத்தரவு வரும்வரை அதைச் சொல்ல முடியாது.