எரர் காயினை கிரேடிங்குக்கு அனுப்பலாமா? பல வருட அனுபவத்திலிருந்து

இந்தியக் குடியரசு நாணயங்களில் அச்சுப் பிழை உள்ளவற்றைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். அவற்றில் சிலவற்றை ஏஜென்ட் மூலம், நாணயம் அசல்தானா என்று பார்த்துத் தர எண் கொடுக்கும் (அதுதான் கிரேடிங்) அமெரிக்காவின் என்ஜிசி நிறுவனத்துக்கு அனுப்பி, ஸ்லாப் எனப்படும் முத்திரையிட்ட கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து வாங்கியிருக்கிறேன். பெரும்பாலானவை சாதாரண ஃபிளிப்பில்தான் (மடிக்கும் பிளாஸ்டிக் உறை) இருக்கின்றன, இனியும் அங்கேதான் இருக்கும். பிழை அசல்தானா என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும், அந்தச் சந்தேகத்தைக் கையில் வைத்துப் பார்த்துத் தீர்க்கவும் முடியாது என்றால் மட்டும் அனுப்புங்கள். மற்றவற்றுக்கு அந்தச் செலவு வீண் என்பதே என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். சாதாரண நாணயத்துக்கு 1 முதல் 70 வரையிலான தர எண்தான் விலையைத் தீர்மானிக்கும். 65 என்பது 66 ஆனாலே விலை மாறும். எரர் காயின் வாங்குபவர் பார்ப்பது வேறு. பிழை எவ்வளவு பெரியது, வருடம் தெரிகிறதா, அதன் கீழே நாணயச்சாலைக் குறியான மும்பையின் வைரமோ ஹைதராபாத்தின் நட்சத்திரமோ நொய்டாவின் புள்ளியோ தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். பாதிக்குப் பாதி விலகி அச்சான ஸ்டீல் ஒரு ரூபாயில் வருடமும் நட்சத்திரமும் தப்பிப் பிழைத்திருந்தால், கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அதற்கு மதிப்பு அதிகம். வருடமே விழாத பளபளப்பான நாணயம் அதற்குப் பிறகுதான்.

டை ரொட்டேஷனை, அதாவது நாணயத்தை அடிக்கும் அச்சு (டை) சுழன்றுபோன பிழையை எடுத்துக்கொள்வோம். 2004 வரை வந்த பதினொரு பக்க இரண்டு ரூபாயில் இது தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு பக்கத்தை நேராகப் பிடித்துத் திருப்பினால் மறுபக்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ நிற்கும். யாருக்கு வேண்டுமானாலும் அரை நிமிடத்தில் காட்டிவிடலாம், பொய்யாகச் செய்வதும் சுலபமில்லை. இதற்கு எதற்கு ஸ்லாப்?

கிளிப் எனப்படும் ஓரம் வெட்டுப்பட்ட நாணயமும் இப்படித்தான், ஆனால் இங்கே கொஞ்சம் பழகிய கண் வேண்டும். உலோகப் பட்டையில் ஏற்கெனவே துளை விழுந்த இடத்தின் மேலேயே மறுபடி வெட்டினால், வெட்டி வரும் வில்லையில் (இன்னும் படம் அடிக்காத உலோக வட்டு) பிறை வடிவில் ஒரு குறை விழும். பிறகு ஓரத்தை உயர்த்தும் இயந்திரத்தில் வில்லை உருளும்போது, குறை இருக்கும் இடத்தில் அழுத்தம் கிடைக்காது. அதனால் அதற்கு நேர் எதிர்ப்புறமும் ஓரம் சரியாக எழும்பாது. குறைக்கு எதிரே விளிம்பு மங்கலாக இருந்தால் அது நாணயச்சாலையில் நடந்த பிழை என்பதற்கு நல்ல அடையாளம். எதிரே விளிம்பு முழுமையாக, கூர்மையாக இருந்தால் யாரோ பட்டறையில் அரத்தால் ராவியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஒரு பூதக்கண்ணாடியும் 0.01 கிராம் வரை காட்டும் தராசும் இருந்தால் இந்த வேலை வீட்டிலேயே முடிந்துவிடும்.

அப்படியானால் எதை அனுப்புவது? வேறு உலோகத்தில் அடிக்கப்பட்டதை அனுப்பலாம். 2007 வாக்கில் வந்த ஐந்து ரூபாய் ஸ்டீல், 2009-இலிருந்து வந்தது மஞ்சள் நிற நிக்கல் பித்தளை. இரண்டுமே 6 கிராம், 23 மில்லிமீட்டர். 2009-க்குப் பிந்தைய வருடம் பொறித்த ஐந்து ரூபாய் வெள்ளையாக இருந்து காந்தத்திலும் ஒட்டினால் மனம் துள்ளும். ஆனால் எடையும் அளவும் ஒன்றாகவே இருப்பதால் தராசு உதவாது. மேலே முலாம் பூசிய வேலையாகவும் இருக்கலாம். இப்படிப்பட்டதில் என் வார்த்தையை நம்பி யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. இங்கேதான் மூன்றாம் நபரின் சான்றுக்கு அர்த்தம் இருக்கிறது.

லக்கி என்று வியாபாரிகள் சொல்லும் வகையும் அப்படித்தான். முந்தைய நாணயம் டையிலேயே ஒட்டிக்கொண்டுவிட, அடுத்த வில்லையில் ஒரு பக்கம் முறையாகவும் மறுபக்கம் அதே படம் குழிந்து, இடவலம் மாறியும் விழும். இரண்டு நாணயங்களை வைஸில் வைத்து நெருக்கியும் இதுபோல ஒன்றைச் செய்கிறார்கள். அப்படிச் செய்ததில் பழைய படத்தின் மிச்சம் அடியில் தெரியும், மறுபக்கமும் நசுங்கியிருக்கும். நடுப்பகுதி இல்லாத பத்து ரூபாயில் போலிகள் இன்னும் அதிகம், சுத்தியலால் தட்டி நடுவைப் பெயர்த்து எடுத்துவிடுகிறார்கள்.

இனி செலவு. தரம் பார்க்கும் கட்டணம் தனி, பிழையைக் குறிப்பிட்டு எழுதுவதற்கான கட்டணம் அதன் மேல். அப்புறம் ஏஜென்ட் கூலி, போகவர அஞ்சல், காப்பீடு, திரும்பி வரும்போது சுங்கம். எல்லாம் சேர்ந்தால் நாணயம் ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும், காத்திருப்பும் மாதக் கணக்கில் இருக்கும். மொத்தச் செலவு நாணயத்தின் நியாயமான விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அனுப்ப மாட்டேன், இது நான் வைத்துக்கொண்ட கணக்கு. படிவத்தில் பிழைக்கான சேவையைக் கேட்டிருக்கிறோமா என்று இரண்டு முறை பாருங்கள். கேட்காவிட்டால் லேபிளில் பிழை பற்றி ஒரு வார்த்தைகூட வராமல் போகலாம்.

எக்காரணம் கொண்டும் தேய்த்துவிட்டு அனுப்பாதீர்கள். புளியும் விபூதியும் பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. நாணயத்தில் அந்தக் கீறல்கள் தெரிந்தால் எண் கிடைக்காது, சுத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்போடு திரும்பி வரும்.

ஸ்லாபோடு வாழ்ந்த அனுபவமும் சொல்ல வேண்டும். விற்கும்போது அது உண்மையிலேயே உதவுகிறது. முன்பின் தெரியாதவர்கூடச் சான்று எண்ணைப் போனில் சரிபார்த்துவிட்டு, விலையை மட்டும் பேரம் பேசுவார். ஸ்லாபையே போலியாகச் செய்கிறார்கள் என்பதால், நாணயத்தின் படமும் பதிவாகியிருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது காற்றுப் புகாத பெட்டி கிடையாது. சென்னை ஈரப்பதத்தில் செம்பு நாணயங்களுக்குப் பக்கத்தில் சிலிக்கா ஜெல் வைத்தே ஆக வேண்டும். விளிம்பில் பிழை உள்ளதைச் சாதாரண ஸ்லாபில் போட்டால் காட்ட வேண்டிய இடமே மறைந்துவிடும், விளிம்பு தெரியும் உறையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்லாப் போடாதவற்றுக்கு மைலார் ஃபிளிப் நல்லது. மலிவான பிவிசி உறையில் நாளாக ஆகப் பச்சைப் பிசுக்குப் படியும்.

கடைசியாக, பழைய நாணயம் வைத்திருப்பவர்களுக்கு. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, கிரேடிங் முடிந்து திரும்பி வரும் என்றாலும் அதே சட்டம்தான். 1835 கிழக்கிந்தியக் கம்பெனி கால் அணாவில் லக்கி கையில் இருந்தால் அமெரிக்க ஸ்லாப் நினைப்பை விட்டுவிடுங்கள். அந்தக் கால் அணாவின் முறையான எடை சுமார் 6.47 கிராம், உங்களுடையதை அதோடு ஒப்பிடுங்கள். தெளிவான படங்களும் எடைக் குறிப்பும் எடுத்துக்கொண்டு, கம்பெனி நாணயங்களைப் பல காலம் கையாண்ட இரண்டு மூன்று பேரிடம் நேரில் காட்டுங்கள்.