என்சைம் சோதனை கிட்: சாமான் நல்லது, கையேடு மோசம்

காட்பாடியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். செரிமான என்சைமை எந்த அயனி தூண்டும், எது முடக்கும் என்று போர்டில் எழுதிப்போட்டால் மனப்பாடம் செய்வார்கள், நம்பமாட்டார்கள். அதனால் வேலூரில் ஆய்வகச் சாமான் விற்கும் ஒரு கடையில் 850 ரூபாய் கொடுத்து இந்த கிட்டை வாங்கினேன்.

சாமான்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக் குழாய்கள் கனமானவை, வெள்ளைக் குழித்தட்டு பீங்கான், ட்ராப்பர்கள் ஒழுகவில்லை. ஸ்டார்ச், அயோடின், உப்பு, கால்சியம் குளோரைடு, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ., ஒரு சின்ன டப்பாவில் ஸ்டார்ச்சை உடைக்கும் டயஸ்டேஸ் பொடி (அமைலேஸ் என்சைம்தான்). 37 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். மே மாதத்து வேலூரில் அதற்குத் தனியாக அடுப்பு பற்றவைக்க வேண்டியதில்லை.

மயில்துத்தச் சோதனை அருமையாக வந்தது. ஸ்டார்ச்சில் அயோடின் பட்டால் கருநீலம் ஆகும். மற்றக் குழாய்களில் ஸ்டார்ச் உடைந்து நீலம் மறைந்துகொண்டே போக, இதில் மட்டும் கடைசிவரை கருநீலம். தாமிர அயனி என்சைமிலுள்ள ஹிஸ்டிடின், சிஸ்டீன் போன்ற அமினோ அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வடிவத்தையே கெடுத்துவிடுகிறது. சொட்டு மட்டும் கூடிவிடக் கூடாது. தாமிரம் அயோடின் கரைசலில் உள்ள அயோடைடுடனும் வினைபுரியும், அப்புறம் நிறத்தை நம்பமுடியாது. கையேட்டில் இந்த எச்சரிக்கை இல்லை.

என் பெரிய சண்டை உப்புச் சோதனையோடுதான். 'சோடியம் அயனி அமைலேஸைத் தூண்டுகிறது' என்று கையேடு அடித்துச் சொல்கிறது. தூண்டுவது சோடியம் இல்லை, குளோரைடு. அது உலோகமே இல்லை. உப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு போட்டால் அதே வேகம் வரும். சோடியம் சல்பேட் போட்டால் வராது. இரண்டு குழாயில் தீர்ந்துபோகிற விஷயம், ஆனால் அந்த இரண்டு பொருளும் கிட்டில் இல்லை.

இதைவிட வேடிக்கை, கூடவே வரும் டயஸ்டேஸ். லேபிளில் பொடி எழுத்தில் அது பூஞ்சையிலிருந்து எடுத்தது என்று போட்டிருக்கிறது. குளோரைடுக்குக் காத்திருப்பது நம் உமிழ்நீரிலும் கணையத்திலும் உள்ள அமைலேஸ். பூஞ்சை அமைலேஸுக்கு அது தேவையில்லை. ஆகவே கிட்டில் உள்ளதை வைத்தே உப்புச் சோதனை செய்தால் இரண்டு குழாயும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிள்ளைகள் உமிழ்நீர்தான் தரவேண்டும். அதையும் கையேடு சொல்வதுபோல் ஐந்து மடங்கு மட்டும் நீர்த்தால் போதாது, உமிழ்நீரிலேயே குளோரைடு இருக்கிறது. ஐம்பது மடங்காவது நீர்த்தபிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. எங்கள் போர் தண்ணீரில் உப்பும் உண்டு, கால்சியமும் உண்டு, அதனால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினேன்.

கால்சியம்தான் இங்கே உண்மையான உலோகக் கதை. அமைலேஸின் மடிப்பு குலையாமல் பிடித்து நிற்பது அது. இ.டி.டி.ஏ. அதை உருவி எடுத்துவிடும். ஆனால் உடனே இல்லை, கலந்து நெடுநேரம் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் 'ஒண்ணும் ஆகலையே மிஸ்' என்பார்கள். பிறகு கால்சியம் குளோரைடைத் தாராளமாகச் சேர்த்ததும் ஓரளவு உயிர் வந்தது, அப்போதுதான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

மேல்விஷாரத்திலிருந்து வரும் பையன் ஒருவன், 'எங்கப்பா டேனரியில தோல மெத்துன்னு ஆக்க என்சைம் போடுவாங்க மிஸ். அப்புறம் குரோம் போட்டா அது செத்துடுமா?' என்று கேட்டான். நல்ல கேள்வி. அங்கே பயன்படுத்துவது பெரும்பாலும் கணைய என்சைம், புரதத்தை உடைக்கும் டிரிப்சின் வகை. அதற்கும் கால்சியம் துணை. ஆனால் தோலைப் பதனிடும் குரோம் உப்பு வருவதற்கு முன்பே தோலை அமிலத்தில் ஊறவைக்கிறார்கள், என்சைம் அந்த இடத்திலேயே ஓய்ந்துவிடும். இதெல்லாம் எந்தக் கிட்டிலும் கிடைக்காது, வடஆற்காட்டில் பாடம் எடுத்தால் கிடைக்கும்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அதுவும் கண்ணாடிக்காக. பள்ளிக்கு வாங்குகிற ஆசிரியர்கள் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, அதே கடையில் பொட்டாசியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் சின்னப் பாட்டிலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகக் கொடுக்கிறார்கள்.