கிளட்ச் இல்லாத நான்கு வருடம்: 68 வயதில் ஐ20 என் லைன்

பெட்ரோல் பங்க் பையன்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "பையன் வண்டிங்களா சார்?" பம்பரில் சிவப்புக் கோடு, பின்னால் இரட்டைக் குழாய், உள்ளே நரைத்த தலை. அவர்கள் மேல் தப்பில்லை. முதல் வருடம் "இல்லப்பா, என்னுதுதான்" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது "ஆமா" என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பையனே கிடையாது, ஒரே பெண்தான்.

வண்டி ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line), ஐ20இன் ஸ்போர்ட்டி வடிவம். தமிழில் எழுதினால் 'என்னுடைய லைன்' என்று சொந்தம் கொண்டாடுவது போல இருக்கிறது, இருக்கட்டும். 2021 கடைசியில் எடுத்தேன். அப்போது எனக்கு வயது 64. இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 1 லிட்டர் டர்போ பெட்ரோல், பவர் 120 பிஎஸ், டார்க் என்கிற இழுவிசை 172 என்எம். கியர்பாக்ஸ் மட்டும் கொஞ்சம் விசேஷம். ஆறு கியர், கியர் லிவர் உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. ஐஎம்டி (இன்டெலிஜென்ட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) என்பார்கள்.

அதற்காகத்தான் இந்த வண்டியே. 2020இல் இடது முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சிங்காநல்லூர் சிக்னலில் பத்து நிமிடம் கிளட்ச்சை மிதித்து மிதித்து விட்டால், வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏற கைப்பிடி தேவைப்பட்டது. டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேய்மானம்தான். ஆட்டோமேட்டிக் வாங்கிக்குங்க" என்றார். சரி என்று இரண்டு மூன்று ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பார்த்தேன். குறையொன்றும் இல்லை. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவது போல இருந்தது. பத்மினி காரில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே இருந்த கியரைப் போட்டுப் பழகிய கை இது. அப்புறம் மாருதி 800, ஜென் என்று நாற்பது வருடம். கால் போனால் போகட்டும், கையையும் ஏன் சும்மா உட்கார வைக்க வேண்டும்?

ஐஎம்டியில் நடப்பது இவ்வளவுதான். லிவரை நகர்த்தப் போகிறோம் என்பதை அதிலுள்ள சென்சார் மோப்பம் பிடித்துவிடும். ஹைட்ராலிக் அமைப்பு ஒன்று நமக்காகக் கிளட்ச்சைப் பிரித்து, கியர் விழுந்ததும் சேர்த்துவிடும். எந்தக் கியர், எப்போது என்பது நம் பாடு. தப்பான கியரில் கிளம்பப் பார்த்தால் பீப் பீப் என்று கத்தும்.

முதல் வாரம் பெரிய கூத்து. கியர் மாற்றும்போதெல்லாம் இடது கால் தானாகப் போய் கிளட்ச்சைத் தேடும். பெரும்பாலும் வெறும் தரையில் மிதிக்கும். இரண்டு தடவை பிரேக் பெடலின் ஓரத்தில் பட்டு வண்டி தலைகுப்புற விழுவது போல நின்றது. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரம்மா கையிலிருந்த தூக்குப்போசி தெறித்துப் போய், கம்பெனி கொடுத்த புது ஃப்ளோர் மேட் மேல் ரசம். "ஏனுங்க, இந்த வயசுல இதெல்லாம் தேவைங்களா?" என்றாள். அந்தக் கேள்விக்கு நான்கு வருடமாகப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எட்டாம் நாளிலிருந்து கால் அடங்கிவிட்டது. முழங்கால் வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் வண்டி ஓட்டியதால் வந்த வலி என்று இப்போது எதுவும் இல்லை.

வேகம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நான் 100ஐத் தாண்டுவது அபூர்வம். இந்த எஞ்சினின் ருசி 40க்கும் 80க்கும் நடுவில் இருக்கிறது. 1,500 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கும் வந்துவிடுவதால், இருவழிச் சாலையில் கரும்பு லாரியைத் தாண்ட மூன்றாம் கியர் போட்டு மிதித்தால், எதிர்த் தடத்தில் இருக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. என் வயதுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, பத்திரம். கண்ணும் காலும் முன்னைப் போல இல்லாதவனுக்கு வண்டியாவது சட்டென்று கேட்க வேண்டும்.

மழைக்காலம் முடிந்ததும் வருடத்துக்கு ஒரு தடவை ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறுவேன். 40 கொண்டை ஊசி வளைவு. விடிகாலையில் செக்போஸ்ட் தாண்டிவிட்டால் பாதை நம்முடையது. ஸ்டீயரிங் கனமாக, சொன்ன இடத்தில் சொன்ன மாதிரி திரும்புகிறது. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்பது இறங்கும்போதுதான் புரியும், இருந்தாலும் ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய பாடத்தை நான் விடுவதில்லை. ஒரே சிக்கல், ரொம்பக் குறுகிய வளைவில் எதிரே பஸ் வந்து, நாம் ஊர்ந்து திரும்ப வேண்டியிருந்தால் இரண்டாம் கியரில் டர்போ தூங்கிவிடும், இழுவை இருக்காது. முதல் கியருக்கு வர வேண்டும். பெடல் இருந்தால் அரைக் கிளட்ச்சில் சமாளித்திருப்போம். ஒன்பதாம் வளைவில் நிறுத்தி, ஆழியார் அணையைப் பார்த்துக்கொண்டு பிளாஸ்கில் கொண்டுபோன காபி. அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடு பக்கத்துச் சுவரில் நின்று நம்மைப் பார்க்கும்.

வீட்டுக்காரம்மாவின் குற்றப்பத்திரிகையையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. சஸ்பென்ஷன் இறுக்கம். சாதா ஐ20ஐ விடவும் இறுக்கம். நான்குவழிச் சாலையில் அது பாறை மாதிரி நிற்பதற்கும், எங்கள் வீதியில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளத்தில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்வதற்கும் காரணம் ஒன்றே. மச்சானின் உயரமான எஸ்யூவியில் அவள் நாற்காலியில் உட்காருவது போல ஏறுகிறாள். இதில் கொஞ்சம் குனிய வேண்டும். நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். முதலில் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுப்பது. இறங்கும்போதும் அதே. ஒற்றைக் காலை வெளியே வைத்து எம்பினால் முழங்கால் அன்றைக்கே கணக்குத் தீர்க்கும்.

டயர் 195/55 ஆர்16. பக்கச்சுவர் உயரம் குறைவு. 2023இல் பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஒன்றை இருட்டில் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை கழுவும்போது இடது முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். டயர்கடைக்காரர் விரலால் அமுக்கிப் பார்த்து, "உள்ள நூல் அறுந்துடுச்சுங்ணா, பஞ்சர் மாதிரி ஒட்ட முடியாது" என்றார். புது டயர்தான்.

அந்த இருட்டு என் கண்ணிலும் இருந்தது என்று அப்புறம் தெரிந்தது. அவிநாசி ரோட்டில் எதிர்விளக்கெல்லாம் பூவாக விரிந்ததை ஹைபீம்காரர்கள் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். கண்புரை. இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆனபின் முதல் முறை ராத்திரி ஓட்டியபோது, சாலையின் வெள்ளைக்கோடு அவ்வளவு வெள்ளையா என்று இருந்தது. 55 தாண்டியவர்களுக்கு லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை, டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏவோடு புதுப்பிக்க வேண்டும். அந்தக் கையெழுத்தைத் தெரிந்த டாக்டரிடம் சும்மா வாங்காமல், நிஜமாகவே கண்ணைக் காட்டுங்கள். கையில் பணம் இருந்தால் ஒரு செட் டயருக்குச் செலவிடுவதற்கு முன் அதற்குத்தான் செலவிடுவேன்.

மைலேஜ் ஊருக்குள் 11, 12. ஹைவேயில் நிதானமாகப் போனால் 17. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலா, என் வலது காலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சர்வீஸில் வழக்கமான ஆயில், ஃபில்டர் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று பேத்தி கேட்டாள். 1979இல் நீலகிரி எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போய், சோழவரத்தில் ரேஸ் பார்த்தேன். உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. வெயிலில் நின்று காது அடைத்துத் திரும்பினேன். கையில் வேலையே உறுதியில்லாத காலம், கார் எங்கே வாங்குவது! 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வந்தது. என் வண்டி செய்யப்பட்டதும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான். வாங்கும்போது இது தெரியாது. தெரிந்ததும் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

யாராவது வாங்க நினைத்தால், 2023 செப்டம்பருக்குப் பிறகு வந்த என் லைனில் ஐஎம்டி இல்லை, சாதாரணக் கிளட்ச்சோடு ஆறு கியர் மேனுவல் கொடுத்துவிட்டார்கள். டிசிடி என்கிற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. என்னைப் போல முழங்கால்காரர்கள் பழைய வண்டிச் சந்தையில்தான் தேட வேண்டும். அரைக் கிளட்ச் நம் காலில் இல்லாததால், குறுகலான ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். என் வண்டியை ஒருவர் கேட்டார். கொடுக்கவில்லை.

போன மாதம் பேத்திக்கு லைசென்ஸ் வந்தது. "அப்புச்சி, ஒரு ரவுண்டு" என்றாள். செட்டிபாளையம் பக்கம் காலி ரோட்டில் சாவியைக் கொடுத்தேன். கிளம்பினாள், நன்றாகத்தான் கிளம்பினாள். இரண்டாம் கியர் போடப் போனபோது அவள் இடது கால் வெறும் தரையில் ஓங்கி மிதித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மடியில் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியை மட்டும் இறுக்கிக்கொண்டேன்.