டிம் ஆகும் என்று சொல்லி விற்ற டவுன்லைட்: வாங்கும் முன் டிரைவரைப் பாருங்கள்

வீட்டுச் சீலிங்கில் டவுன்லைட் பதிக்கப் போகிறவர்கள், அதிலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை வேண்டும் என்பவர்கள், காசு கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பலகையில் எரிய விட்டுக் காட்டும் விளக்கும் பெட்டியில் போட்டுக் கொடுக்கும் விளக்கும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பார்க்க அச்சு அசலாக அதே முகம், அதே வளையம். வித்தியாசமெல்லாம் பின்னால் ஒயரில் தொங்கும், வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்ன டிரைவர் பெட்டியில் இருக்கிறது. அது சீலிங்குக்குள் போய்விடும் என்பதால் யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கடைக்காரருக்கும் அது தெரியும்.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பழைய டெரஸ் வீட்டுக்குத் தீபாவளிக்கு முன்பு பிளாஸ்டர் சீலிங் போட்டோம். மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இரவில் ஹாலில் படுத்துக்கொண்டே டிவி பார்ப்பார். தலைக்கு மேல் வெளிச்சம் கொட்டினால் கண் கூசுகிறது என்பார், அணைத்துவிட்டால் பாத்ரூம் போகும்போது தடுமாறுவார். அதனால்தான் டிம்மர் வேண்டும் என்று முடிவு செய்தோம். அழகுக்காக இல்லை.

ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு விளக்குக் கடை. பெயர் வேண்டாம், விவகாரம் இன்னும் முடியவில்லை. விற்பனையாளர் நம் ஆள்தான். சுவரில் இருந்த பலகையில் 12 வாட் வட்ட விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. "இங்க பாருங்கக்கா" என்று குமிழைத் திருப்பினார். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சாமி அறை விளக்கு அளவுக்கு வந்து நின்றது. நடுக்கம் இல்லை, சத்தம் இல்லை. விலை ஒன்றுக்கு 38 வெள்ளி (ரிங்கிட்). சாதாரண டவுன்லைட்டின் விலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். டிம் ஆகிற டிரைவருக்கு விலை கூடத்தான் இருக்கும் என்று அவரே விளக்கமும் சொன்னார். அதில் தவறில்லை, உண்மைதான். அந்த விலையை வாங்கிக்கொண்டு அந்த டிரைவரைக் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம்.

ஹாலுக்கும் இரண்டு படுக்கையறைக்குமாக 14 விளக்கு, 532 வெள்ளி. டிம்மரும் அங்கேயே வாங்கினோம். "எந்த டிம்மர் போட்டாலும் ஓடும்கா" என்றார். இந்த வாக்கியத்தை எந்தக் கடையில் கேட்டாலும் அப்படியே வெளியே வந்துவிடுங்கள். எந்த டிம்மர் போட்டாலும் ஓடும் எல்இடி விளக்கு என்று ஒன்று கிடையாது.

ஒயர்மேன் வந்து மாட்டிக் கொடுத்தார். முழு வெளிச்சத்தில் எல்லாம் பிரமாதம். குமிழைக் கால்வாசி திருப்பியதும் ஹால் விளக்கு எட்டும் சேர்ந்து துடிக்க ஆரம்பித்தன. இன்னும் திருப்பினால் ஒன்றிரண்டு மட்டும் அணைந்து அணைந்து எரிந்தன. சீலிங்குக்குள்ளிருந்து 'ங்ங்' என்று ஒரு ரீங்காரம், கொசு காதுக்குள் புகுந்த மாதிரி. பாதிக்குக் கீழே போனால் மொத்தமும் இருட்டு. மாமனார், "பழைய குழல் விளக்கையே போட்டுருங்கம்மா" என்று சொல்லிவிட்டார். தீபாவளி முடிந்து சில நாளில் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின.

ஒயர்மேன் தம்பியை மறுபடி கூப்பிட்டோம். ஸ்பிரிங் கிளிப்பில் விரல் மாட்டாமல் ஒரு விளக்கை இறக்கி, டிரைவர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். உள்ளீடு, வெளியீடு வோல்ட் எல்லாம் எழுதி, ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி: டிம்மருடன் பயன்படுத்தக் கூடாது. பதினான்கிலும் அதே வரிதான். "பலகையில இருக்கிற லைட்டுக்கு வேற டிரைவர் போட்டிருப்பாங்கக்கா, இத ரெண்டு டிரைவரோடயும் விக்கிறாங்க" என்றார்.

ஏன் துடிக்கிறது என்பதையும் அவரே சொன்னார். பழைய வகை டிம்மர் இழை பல்புக்காகச் செய்தது. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 அரைச் சுழற்சி. ஒவ்வொரு அரைச் சுழற்சியின் முன்பகுதியையும் அது வெட்டிவிடுகிறது. இழை சூடாகவே இருப்பதால் பல்புக்கு அது தெரியாது, மங்கலாக எரியும். டிம் ஆகாத எல்இடி டிரைவர் அப்படி இல்லை. வரும் மின்சாரம் எப்படி இருந்தாலும் விளக்குக்கு ஒரே அளவு கொடுக்கத்தான் பார்க்கும். வெட்டி வெட்டி வந்தால் நிற்கும், மறுபடி கிளம்பும், நிற்கும். அதுதான் துடிப்பு. உள்ளே இருக்கும் பாகங்கள் சூடேறிச் சீக்கிரம் போய்விடும்.

எல்இடிக்கு அலையின் பின்பகுதியை வெட்டும் டிம்மர்தான் பெரும்பாலும் ஒத்துவரும். அதற்கு ஆங்கிலத்தில் டிரெய்லிங் எட்ஜ் என்று பெயர், கடையில் அப்படியே கேளுங்கள். டிம்மரின் முதுகில் வாட் அளவு இரண்டு விதமாக இருக்கும், இழை பல்புக்கு ஒன்று, எல்இடிக்கு ஒன்று. எல்இடிக்கு உள்ளது மிகவும் குறைவாக இருக்கும். குறைந்தபட்ச அளவும் உண்டு. விளக்கெல்லாம் சேர்ந்து அதற்குக் கீழே போனால் நல்ல டிரைவர்கூடத் துடிக்கலாம். எங்களுக்கு விற்ற டிம்மரில் எல்இடி என்ற எழுத்தே இல்லை.

இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் வெள்ளை, மஞ்சள், இரண்டும் கலந்தது என்று மாறும் மூன்று நிற விளக்கை "இதுவும் டிம் மாதிரிதான்" என்று தள்ளிவிடுகிறார்கள். அது நிறம் மாற்றும், வெளிச்சத்தைக் குறைக்காது. என் நாத்தனாருக்குக் கிளாங்கில் அப்படித்தான் விற்றிருக்கிறார்கள். சிரிம் (மலேசியத் தரச் சான்று) லேபல் இருக்கிறதே என்றும் சமாதானம் ஆகிவிடாதீர்கள். லேபல் இருக்க வேண்டியதுதான், ஆனால் அது பாதுகாப்புக்கு. டிம் ஆகுமா என்பதை அது சொல்லாது.

சரி, கடைக்குப் போனோம். முதலில் "உங்க ஒயர்மேன் தப்பா மாட்டிட்டாரு" என்றார்கள். டிரைவரைக் காட்டியதும் "டிம்மபிள்னு நாங்க சொல்லவே இல்லையே" என்றார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால், எல்இடி டவுன்லைட் 12 வாட், அவ்வளவுதான். கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று மலாயில் ரப்பர் முத்திரை. விற்பனையாளரோ என் முகத்தையே பார்க்காமல் ஸ்டோர் பக்கம் போய்விட்டார். கடைசியில் முதலாளி, மேற்கொண்டு ஒரு விளக்குக்கு 20 வெள்ளி கொடுத்தால் மாற்றித் தருவதாகப் பெரிய மனது பண்ணினார்.

எங்களைக் காப்பாற்றியது வாட்ஸ்அப். ஆர்டர் கொடுப்பதற்கு முன், பதினான்கும் டிம் ஆகும்தானே என்று என் கணவர் அந்த விற்பனையாளரிடம் கேட்டிருந்தார். "ஆமா அண்ணே, எல்லாமே டிம் ஆகும்" என்ற பதில் அப்படியே இருக்கிறது. நீங்களும் எழுத்தில் கேளுங்கள். பில்லில் 'டிம்மபிள்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் விற்கும்போது சொன்ன விவரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். ரப்பர் முத்திரை குத்திவிட்டு அந்தப் பொறுப்பிலிருந்து கடை கழன்றுகொள்ள முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, இணையத்திலேயே பதியலாம். மூன்று வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

மாற்று விளக்குகளைப் பூடு ஜாலான் பாசாரில் வாங்கினோம். அங்கே கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, நாங்கள் வாங்கப் போகும் அதே விளக்கை, வாங்கப் போகும் அதே டிம்மரில் மாட்டிக் காட்டினார். கடைசி வரை குறைத்துவிட்டு கைப்பேசிக் கேமராவைப் பிடித்துப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாத துடிப்பு திரையில் கறுப்புப் பட்டையாக ஓடும், இதில் பட்டை இல்லை. நிறம் 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம் எடுத்தோம், ராத்திரிக்கு இதமாக இருக்கிறது. சீலிங் ஓட்டையின் அளவை எழுதிக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. ஓட்டையைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாதே.

நடுவர் மன்றத்தில் விளக்கு, டிம்மர், இரண்டாம் தடவை மாட்டிய கூலி மூன்றையும் சேர்த்துப் பதிந்திருக்கிறோம். நோட்டீஸ் போனதும் முதலாளியே போன் செய்தார். 532 வெள்ளியைத் தந்துவிடுகிறேன், கேஸை எடுத்துவிடுங்கள் என்றார். டிம்மரும் கூலியும் யார் தருவது என்று கேட்டேன், பதில் இல்லை. விசாரணை அடுத்த மாதம். பழைய விளக்கு பதினான்கையும் டிரைவரோடு ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம், அன்றைக்கு எடுத்துப் போக வேண்டும்.