நாற்காலி வாடகை முதல் டவல் சலவை வரை: ஒன்பது வருடச் செலவுக் கணக்கு

சொந்தமாக முடி வெட்டும் தொழில் செய்ய ஆரம்பித்து எனக்கு ஒன்பது வருடம் ஆகிறது. சொந்தக் கடை கிடையாது. இன்னொருவர் நடத்தும் சலூனில் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வேலை செய்கிறேன். சம்பளத்துக்கு இருந்தவரை வரி என்பது என் தலைவலியாக இருந்ததில்லை. தனியாக வந்த பிறகுதான், கையில் வாங்கும் காசு முழுவதும் வருமானம் இல்லை, தொழிலுக்குச் செலவழித்ததைக் கழித்தபின் மிஞ்சும் லாபத்துக்குத்தான் வரி என்பது உறைத்தது. அப்படிக் கழித்துக் காட்டுவதில் நான் பட்டதையும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். கடைசி வார்த்தை உங்கள் ஆடிட்டருடையதுதான்.

முதல் வருடம் என் கணக்குப் புத்தகம் ஒரு ஷூ பெட்டி. கிடைத்த பில்லையெல்லாம் அதில் போட்டேன். வருடக் கடைசியில் பெட்டியைத் திறந்தால் பாதி பில் வெறும் வெள்ளைத் தாள். கடைகளில் மெஷினில் அடித்துக் கொடுக்கும் பில் பெரும்பாலும் வெப்பத்தாள். அதில் மையே கிடையாது. சூட்டிலும் வெளிச்சத்திலும் எழுத்து மங்கும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். ஆல்கஹால் கலந்த ஹேர் ஸ்ப்ரே பட்டால் தாளே கறுத்துவிடும். நம் தொழிலில் ஸ்ப்ரே படாத தாள் எங்கே இருக்கிறது? எதற்கு வாங்கினேன், எவ்வளவு கொடுத்தேன் என்று காட்ட வழியில்லாததால் பாதியை விட்டுவிட்டேன். அந்த வருடம் கட்ட வேண்டியதைவிட அதிகமாகவே வரி கட்டியிருப்பேன்.

இரண்டாம் வருடம் நேர் எதிர். ‘சொந்தத் தொழில் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் செலவாக எழுதலாம்’ என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு போன் பில், வண்டிச் செலவு, கறுப்புச் சட்டைகள், நான் என் தலைக்குப் போட்ட கலர் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோனேன். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“இந்த கலர் யாருக்கும்மா?”

“எனக்குத்தான் சார். என் தலைதானே எனக்கு விளம்பரம்.”

“அப்படிப் பார்த்தா நான் சாப்பிடறதையும் எழுதணும். சாப்பிடலைன்னா கணக்கு பார்க்க முடியாதே.”

அதைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். சட்டைகளையும் அடித்தார். அதில் எனக்குக் கோபம்தான் வந்தது. சலூனில் எல்லோரும் கறுப்பு போட வேண்டும் என்பது விதி. வெளியே நான் கறுப்பு போடுவதே இல்லை. இதே வாதத்தை வைத்து இங்கிலாந்தில் ஆன் மல்லாலியூ என்ற பெண் வழக்கறிஞர் வரித்துறையோடு கடைசி வரை போராடியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. நீதிமன்றத்துக்கென்றே வாங்கிய கறுப்பு உடைகளுக்கான செலவைக் கழிக்க வேண்டும் என்பது அவர் கேட்டது. 1983-ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. உடுத்தும்போது அவர் மனதில் இருந்தது தொழில் மட்டுமே என்றாலும், குளிருக்கும் மானத்துக்கும் மனிதருக்கு உடை வேண்டும்தானே, அந்தச் சொந்தத் தேவையும் அதில் சேர்ந்திருக்கிறது என்றது தீர்ப்பு. வழக்கறிஞருக்கே அந்தக் கதி என்றால் என் சட்டை எம்மாத்திரம் என்று விட்டுவிட்டேன். கலர் தெறிக்காமல் இருக்கப் போடும் ஏப்ரன், கையுறை, சலூன் பெயர் தைத்த மேலங்கி ஆகியவற்றை ஒவ்வொரு வருடமும் எழுதுகிறேன். அவற்றை யாரும் கேள்வி கேட்டதில்லை. தெருவில் போட்டுக்கொண்டு நடக்க முடியாத உடையா என்று பார்ப்பேன், எனக்கு அந்த அளவுகோல் போதும்.

அதே இரண்டாம் வருடக் கணக்குக்காக ஒரு வருடம் கழித்து வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. போனுக்கும் வண்டிக்கும் ஆதாரம் கேட்டிருந்தார்கள். போன் பில் இருந்தது, தப்பித்தேன். வண்டிக்கு ‘தோராயமாக இவ்வளவு ஓடியிருக்கும்’ என்ற என் மனக்கணக்கு மட்டும்தான் இருந்தது. அதை முழுவதுமாக நீக்கிவிட்டு, வரியை வட்டியோடு கட்டச் சொன்னார்கள். கட்டினேன். அந்தப் பணத்தைவிட, கடிதம் வந்த நாளிலிருந்து முடிவு வரும்வரை தூக்கம் கெட்டதுதான் பெரிய செலவு.

வண்டி விஷயத்தில் இன்னொன்று. வீட்டிலிருந்து தினமும் வேலை செய்யும் சலூனுக்குப் போய்வருவது பெரும்பாலான நாடுகளில் சொந்தப் பயணம்தான், தொழில் பயணம் இல்லை. சலூனிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவது, அங்கிருந்து இன்னொரு வாடிக்கையாளரிடம் போவது, கலர் வாங்க மொத்தக் கடைக்குப் போவது ஆகியவைதான் எடுபடும். இப்போது வண்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், எதற்கு என்று வண்டியை நிறுத்தியதுமே எழுதிவிடுவேன். ராத்திரி எழுதலாம் என்று விட்டால் எழுதமாட்டேன். எழுத மறந்த நாட்களுக்கு என் அப்பாயின்ட்மென்ட் டைரி கைகொடுக்கிறது. யார் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனேன் என்று அதில் இருக்கும். அப்போதே எழுதியது என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. அந்த டைரியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

போனுக்குச் செய்தது இது. சாதாரணமான ஒரு மாதத்தை எடுத்து, எத்தனை அழைப்பு வாடிக்கையாளருக்கு, எத்தனை வீட்டுக்கு என்று உட்கார்ந்து எண்ணினேன். நூற்றுக்கு அறுபது தொழிலுக்கு வந்தது. அந்த விகிதத்தில்தான் பில்லைக் கழிக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் எண்ணுவேன். ஒரு வருடம் ஐம்பத்தைந்துக்கு இறங்கியது, இறங்கியதையே எழுதினேன். எண்ணிய தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நூற்றுக்கு நூறு என்று எழுதுகிற தோழி ஒருத்தி இருக்கிறாள். “வேற போன் வெச்சிருக்கியா?” என்று கேட்டால் சிரிப்பாள். அந்தக் கேள்வியை அதிகாரி கேட்டால் சிரிக்க முடியாது.

என்னை ஆச்சரியப்படுத்தியது, பெரிய தொகை எங்கே இருக்கிறது என்பதுதான். நாற்காலி வாடகை முதலிடம், அது தெரிந்ததே. அதற்கடுத்து பெரிய சாமான் எதுவோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கலர் ட்யூப், டெவலப்பர், ஃபாயில், கழுத்துப் பட்டைத் தாள், கையுறை, பிளேடு, கிருமிநாசினி என்று அன்றாடம் தீர்ந்துபோகும் சில்லறைச் சாமான்கள்தான் இரண்டாமிடம். இவற்றுக்குத்தான் பில் வாங்காமல் வந்துவிடுகிறோம். கத்தரி சாணை பிடிப்பது இன்னொன்று. நல்ல கத்தரியை வருடத்துக்குச் சில தடவை சாணைக்குக் கொடுக்க வேண்டும். அது பராமரிப்புச் செலவு, அந்த வருடமே கழித்துக்கொள்ளலாம். நான்கு வருடம் அதை எழுதவே தோன்றவில்லை, சாணை பிடிப்பவர் பில் தரமாட்டார் என்பதால். இப்போது நானே சீட்டு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.

பல வருடம் உழைக்கும் சாமான் வேறு கணக்கு. தலை அலசும் பேசின், நாற்காலி, ஸ்டீமர் மாதிரியானவற்றின் விலையைப் பொதுவாக ஒரே வருடத்தில் கழிக்க முடியாது. தேய்மானமாகச் சில வருடங்களுக்குப் பிரித்துத்தான் எழுத வேண்டும். சிறிய கருவிகளை ஒரே தடவையில் எழுத அனுமதிக்கும் நாடுகளும் உண்டு. நான் தடுக்கி விழுந்தது, பழைய நாற்காலியை விற்றபோது. அதன் விலையை முன்பே கழித்திருந்ததால், விற்று வந்த காசும் கணக்கில் வர வேண்டும் என்று தெரியாமல் பர்ஸில் வைத்துக்கொண்டேன். ஆடிட்டர் “நாற்காலி எங்கே?” என்று கேட்ட பிறகுதான் முழித்தேன்.

‘வருடம் முடியப் போகிறது, ஏதாவது வாங்கி வரியைக் குறை’ என்ற யோசனையை நானும் ஒருமுறை நம்பினேன். விலையுயர்ந்த டிரையர் வாங்கினேன், பழையது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே. கணக்கைச் சும்மா போட்டுப் பாருங்கள். வரி விகிதம் நூற்றுக்கு இருபது என்றால், நூறு செலவழித்தால் வரியில் இருபதுதான் குறையும். மீதி எண்பது என் கையை விட்டுப் போனது போனதுதான். நூறும் திரும்பி வருகிறது என்று நினைத்துத்தான் நிறையப் பேர் கடைக்கு ஓடுகிறார்கள். அந்த டிரையர் இன்னும் பெட்டியிலேயே பாதி நாள் கிடக்கிறது.

பயிற்சி வகுப்பு பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஏற்கெனவே செய்யும் தொழிலில் கையைத் தேற்றிக்கொள்ளும் வகுப்பு, உதாரணமாக எனக்குப் புது கலரிங் முறை, பெரும்பாலும் எடுபடும். முதன்முதலில் இந்தத் தொழிலைக் கற்கக் கட்டிய கட்டணமும், புதிதாக வேறொரு தொழிலுக்குத் தாவும் படிப்பும் சிக்கல். நான் நகக்கலை வகுப்புக்குப் போனது இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அப்போது நான் நகம் செய்யவில்லை என்பதால் ஆடிட்டர் வேண்டாம் என்றார். விட்டுவிட்டேன், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

வரவுப் பக்கம் பற்றி ஒரு வார்த்தை. டிப்ஸும் வருமானம்தான். செலவை நுணுக்கமாக எழுதிவிட்டு டிப்ஸை மறப்பது, கலர் எத்தனை ட்யூப் வாங்கினோம் என்பதை வைத்தே எத்தனை தலைக்குப் போட்டிருப்போம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களிடம் எடுபடாது. தங்கைக்கும் அம்மாவுக்கும் போட்ட ட்யூப்களைக்கூட நான் தனியாகக் குறித்து, வாங்கியதிலிருந்து கழித்துவிடுகிறேன். விற்பதற்காக வாங்கிய ஷாம்பூவில் வருடக் கடைசியில் அலமாரியில் நிற்பதையும் எண்ணுகிறேன். விற்காத சரக்கு இன்னும் செலவாகவில்லை.

பதிவு வைக்கும் முறைக்கு வருவோம். பெட்டி, நோட்டு, கணினியில் அட்டவணை, போன் செயலி என்று நான்கையும் பார்த்துவிட்டேன். செயலி நன்றாகத்தான் இருக்கிறது. பில்லைப் படம் எடுத்தால் தொகையைத் தானே படிக்கிறது, மங்குவதற்குள் எழுத்து பத்திரம். ஆனால் கசங்கிய பில்லில் தொகையைத் தப்பாகப் படித்து ஒருமுறை கையுறைச் செலவைப் பத்து மடங்காக்கியது; கண்ணால் சரிபார்க்காமல் விடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சந்தாவை ஏற்றுகிறார்கள், அதுவும் தொழில் செலவுதான் என்று தேற்றிக்கொள்கிறேன். இவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. வாங்குவதெல்லாம் அதிலிருந்து, வருவதெல்லாம் அதற்குள். வீட்டு மளிகையையும் ஃபாயிலையும் ஒரே கணக்கிலிருந்து வாங்கிவிட்டு வருடக் கடைசியில் பிரித்த காலத்தை நினைத்தால் இப்போதும் கழுத்து வலிக்கிறது. இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும், நான் செய்தது நான்காம் வருடம்.

எத்தனை வருடம் காகிதத்தைக் காக்க வேண்டும் என்பதும் இடத்துக்கு இடம் வேறு. ஆஸ்திரேலியாவில் பொதுவாக 5 வருடம், கனடாவில் 6 வருடம். நான் எதையும் எறிவதில்லை.

சில இடங்களில் இந்தப் பாடே வேண்டாம் என்று ஒரு குறுக்கு வழியும் உண்டு. இந்தியாவின் 1961 வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்ற பிரிவு, சிறு தொழில்காரரின் வரவில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்ததென்றால் 6 சதவீதத்தை, லாபமாக எடுத்துக்கொண்டது. செலவைத் தனித்தனியாகக் கழிக்கவும் வேண்டாம், கழிக்கவும் முடியாது. பிரிட்டனில் தொழில் வரவில் 1,000 பவுண்டை அப்படியே கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதை எடுத்தால் உண்மைச் செலவைக் காட்ட முடியாது. நாற்காலி வாடகையும் சாமான் செலவும் அதிகமுள்ளவர் இரண்டு வழியிலும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இன்னும் எனக்குச் சரிப்படாதது டவல் சலவை. வீட்டு மெஷினில்தான் துவைக்கிறேன். மின்சாரம், சோப்பு, தண்ணீர் எல்லாம் வீட்டுத் துணியோடு கலந்துவிடுகிறது. மூன்று வருடம் ஏதோ ஒரு தொகையை உத்தேசமாக எழுதினேன், ஒவ்வொரு தடவையும் ஆடிட்டர் முகம் சுளித்தார். போன மாதம் மெஷின் மேல் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு தடவை போடும்போதும் சலூனுக்கு ஒரு கோடு, வீட்டுக்கு ஒரு வட்டம் போட்டேன். மொத்தம் இருபத்திரண்டு தடவை, அதில் பதின்மூன்று சலூன். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த வட்டத்துல ரெண்டு கோடு மாதிரி இருக்கே, இது யாரோடது?” என்றார். அது என் பையன் கிறுக்கியது.